படிவத்தில் நான் சேர்த்த வரி

தேர்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். என் பணிக்காலத்தில் சிறந்தவற்றை எழுதலாம் என்றார்கள். சிறந்தவை எல்லாம் ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன, படங்களோடு. அவற்றையும் நான்தான் எழுதினேன், ஆகவே கொஞ்சம் குறைத்தே நம்புங்கள். இங்கே நான் சொல்லப்போவது எந்த அறிக்கையிலும் வராதது. படித்து முடித்தபின் என்மேல் இருக்கும் மதிப்பு இறங்கினால் இறங்கட்டும்.

நம் உதவித்தொகை நிதி எதற்காகத் தொடங்கப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஆற்று மாசு பற்றி ஒரு கூட்டம் நடந்தது. நான் அப்போது ஒரு பரிசோதனைக் கூடத்தில் உதவியாளன், நாற்காலி போட வந்தவன். மேடையில் இருந்தவர்கள் எல்லாம் நன்றாகப் படித்தவர்கள். கேள்வி நேரத்தில் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர் எழுந்து, "உங்களில் யாராவது அந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள் உண்டா?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை. ஆற்றை ஆராய்கிறவர்கள் ஒரு பக்கம், ஆற்றைக் குடிக்கிறவர்கள் ஒரு பக்கம் என்று இருந்த காலம் அது. அந்தக் கேள்வியிலிருந்துதான் நிதி பிறந்தது; அந்த ஆசிரியரே அதன் தலைவரானார், என்னைச் செயலாளராக்கினார்.

தோட்டத்திலும் சீனர்களின் புதுக்கிராமத்திலும் மலாய்க்காரர்களின் கம்போங்கிலும் பூர்வகுடிக் குடியிருப்பிலும் பிறந்த பிள்ளைகளை நீரும் மண்ணும் காடும் பற்றிய படிப்புக்குள் கொண்டுவருவது எங்கள் வேலை. தேர்வாகிறவருக்கு ஒரு வருடம் பயிற்சிச் சம்பளம், பரிசோதனைக் கூடத்தில் இடம், அதன்பின் கல்லூரிச் செலவு. பதிலுக்கு அவர் தன் சொந்த இடத்தைப் பற்றி ஒரு சிறிய ஆய்வு செய்ய வேண்டும்.

முதல் வருடம் நேர்காணலை ஆங்கிலத்தில் நடத்தினோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஈப்போவின் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தேர்வானார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு, இதற்கு ஒரு நிதி தேவையா என்று கேட்டார். அடுத்த வருடம் படிவத்தை நானே எழுதுகிறேன், மூன்று மொழியில் போடுகிறேன், தோட்டம் தோட்டமாக நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

அப்படி எழுதிய படிவத்தின் கடைசி வரி இது: "தோட்டத்தில் வசிக்கும் விண்ணப்பதாரர்கள் தோட்ட நிர்வாகியின் ஆதரவுக் கடிதத்தை இணைக்க வேண்டும்."

யாரும் என்னை அந்த வரியைச் சேர்க்கச் சொல்லவில்லை. தலைவர் அதை மட்டும் விரலால் தொட்டு, இது அவசியமா என்று கேட்டார். "தோட்டத்து மக்களை எனக்குத் தெரியும் சார். துரை கையெழுத்து இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது. முதலிலேயே வாங்கிவிட்டால் பிறகு தடை வராது" என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

நான் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அந்தத் தோட்டம் இன்று இல்லை, துண்டு போட்டு விற்றாயிற்று. என் அப்பா அங்கே கிராணி, அலுவலகக் கணக்கர். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, திருவிழாவுக்குப் பந்தல் போட, எதற்கும் ஒரு தாள் அப்பா மேசையிலிருந்து, துரை என்று நாங்கள் அழைத்த நிர்வாகியின் மேசைக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பும். எட்டு வயதில் எனக்கு அது சூரியன் உதிப்பது மாதிரி இயற்கையான காரியம். ஆனால் நாங்கள் குடியிருந்தது கிராணி வீட்டில். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர், லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்கு ஓடை. கையெழுத்தை எப்படி வாங்குவது என்று நான் அறிந்திருந்தேனே தவிர, அதற்கு லயத்துக்காரர்கள் என்ன கொடுத்தார்கள் என்று அறிந்திருக்கவில்லை. எல்லாம் தெரிந்த ஏகாம்பரமாக முப்பத்தைந்து வயதுவரை திரிந்தேன்.

அந்த வருடம் வந்த விண்ணப்பங்களில் ஒன்று சரோஜாவுடையது. ஆயர் தாவார் பக்கத்தில் ரப்பரை அழித்து, எண்ணெய் தரும் செம்பனை நட்ட ஒரு தோட்டம். அங்கேயே எண்ணெய் ஆலையும் இருந்தது. அவள் அப்பா ராமையா ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை. சரோஜா பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தை அறிவியல் பிரிவில் முடித்திருந்தாள். அந்தத் தோட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

நேர்காணலுக்கு ஒரு திங்கட்கிழமை அப்பாவும் மகளும் பஸ் மாறி வந்தார்கள். அவள் பையிலிருந்து மூன்று ஊறுகாய்ப் போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று ஆலைக்கு மேலே எடுத்த ஓடைத் தண்ணீர், ஒன்று ஆலைக்குக் கீழே, மூன்றாவது லயத்துக் குளியல் துறையில். முதல் போத்தல் தெளிவாக இருந்தது. மற்ற இரண்டும் கோப்பி நிறம். அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பதினான்கு மாதம், ஞாயிறு தவறாமல், மூன்று இடங்களையும் பார்த்து எழுதியிருந்தாள். நிறம், வாசனை, மீன் உண்டா, தவளை கத்தியதா, மழை பெய்ததா, ஆலை எந்தக் கிழமையில் கழிவைத் திறந்துவிட்டது, அந்த வாரம் லயத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொறி. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தலைவர் அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். இதற்காகத்தான் நிதியைத் தொடங்கினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் சரோஜா என்னிடம் தனியாக நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தத் தொரை லெட்டரு மட்டும் இல்லாம முடியாதா? ஸ்கூல் ஹெட்மாஸ்டரு குடுப்பாரு. கோயில் தலைவரும் குடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

"ஏம்மா, பயமா இருக்கா?"

"வேணாம்னு பாக்கிறேன் சார்" என்றாள்.

ராமையா ஓர் அடி முன்னால் வந்தார். "அவ சொன்னா காரணம் இருக்கும் ஐயா."

"பயப்படாதீங்க அண்ணே. எங்கப்பா கிராணியா இருந்தவருலா. தொரைங்ககிட்ட எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் கேக்க வேணாம், நானே பாத்துக்கிறேன். புக்கு இங்க இருக்கட்டும், குழு இன்னொரு தடவ பாக்கணும்."

சரோஜா புத்தகத்தைக் கொடுத்தாள். "அது ஒண்ணுதான் சார் இருக்கு" என்றாள். கொடுத்துவிட்டுப் படி இறங்கினார்கள்.

இனி நான் சொல்வதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முடிவெடுக்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை. கோப்பு முழுமையாக இல்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போகும். அந்த விதியும் சரியான விதிதான். அடுத்து நின்றவன் ஈப்போவில் ஒரு பல் டாக்டரின் மகன். நான் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, "அந்தக் கடைசி வரி நானாகச் சேர்த்தது, இந்தப் பெண்ணுக்கு அது வேண்டாம்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். தலைவர் உடனே ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவர் அவசியமா என்று கேட்டபோது அவசியம் என்று வாதாடியவன் நான். ஆறு மாதம் கழித்து அவசியமில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. உண்மையான காரணம் இவ்வளவுதான். வேறு காரணங்களைப் பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்று பிற்பகலே நிர்வாகிக்குக் கடிதம் எழுதினேன். அழகான கடிதம். உங்கள் தோட்டத்துப் பெண் இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறாள், உங்களுக்கும் பெருமை என்று எழுதினேன். அவர் நம்ப வேண்டுமே என்று நோட்டுப் புத்தகத்தையும் கூட வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் நகல் எடுக்கும் இயந்திரம் கிடையாது. கடையில் கொடுத்தால் ஒரு நாள் ஆகும், தபாலோ நான்கு மணிக்குப் போய்விடும். மூலத்தையே பதிவுத் தபாலில் அனுப்பினேன். நரியிடம் போய்க் கோழிக்குஞ்சுக்கு நற்சான்றிதழ் கேட்டிருக்கிறேன், அதுவும் குஞ்சைக் கூடவே அனுப்பி.

அந்தப் புத்தகத்தில் இருந்தது ஆலையின் குற்றப்பட்டியல் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அதை நான் பரிசோதனைக் கூடத்துக்காரனாகப் படித்தேன். எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு பொறுமை என்றுதான் பார்த்தேன். படிக்கிறவர் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் தோட்டத்து ஆள் ஒருவர் பதிலைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். "நிர்வாகத்துக்கு ஆட்சேபம் இல்லை. விண்ணப்பதாரருக்கு எங்கள் வாழ்த்துகள்." லயத்தில் ஒரு கூரைத் தகடு பறந்தால் மாற்ற மூன்று மாதம் எடுக்கும் நிர்வாகம் கடிதம் கிடைத்த இரண்டே நாளில் பதில் அனுப்பியிருக்கிறது. கிராணி மகனுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை அவள் தேர்வானாள். நான் நண்பர்களுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்து வாரம் கழித்து சரோஜா தனியாக அலுவலகத்துக்கு வந்தாள். பயிற்சி தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. முன்கூட்டியே வந்துவிட்டாளே என்று நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன். அவள் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள். சேர முடியவில்லை என்று எழுதியிருந்தது.

"என்னாம்மா இது?"

"வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க சார். தோட்டத்து வீட்டுல இருக்கிற பெரியவங்க எல்லாரும் தோட்டத்துல வேல செய்யணுமாம். நான் ஈப்போவுக்கு வந்தா வீட்ட வேற ஆளுக்குக் குடுப்பாங்களாம். அப்பாவ கொதிகலன்லேருந்து எடுத்து வெளிக்காட்டுல பழக்குலை தூக்கப் போட்டுட்டாங்க. அவருக்கு இடுப்பு முடியாது. நான் ஆயாக் கொட்டகைல சேந்தா வீடு இருக்கும், அப்பாவையும் பழைய எடத்துல போடுவேன்னு தொரை சொன்னாரு."

ஆயாக் கொட்டகை என்பது வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். அறிவியல் படித்த பெண்ணுக்கு அங்கே தொட்டில் ஆட்டும் வேலை. அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டேன். முன்னால் யாரிடமும் நிர்வாகம் அப்படிக் கேட்டதில்லை, இப்போது இருக்கிறது என்றாள்.

நான் வேகமாகப் பேசினேன். ஓடையை விட்டுவிடலாம், தாப்பா பக்கம் வேறு ஆற்றை எடுத்துக்கொள்ளலாம், ஈப்போவில் தங்க இடம் பார்க்கிறேன், தொழிலாளர் இலாகாவுக்கு எழுதலாம் என்றெல்லாம் சொன்னேன். நான் முடிக்கும்வரை அவள் கேட்டாள்.

"நீங்க எடுக்கிறது ஒரு ஆளு சார். வீட்டுல ஆறு பேரு இருக்கோம்."

எங்கள் படிவத்தில் குடும்பத்துக்கு என்று ஒரு கட்டமும் இல்லை.

"சரி சார். அந்த நோட்டுப் புத்தகத்த மட்டும் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். கொட்டகைலேருந்து ஓடை தெரியும். ஞாயித்துக்கெழம எழுதிக்கிட்டு இருக்கலாம்."

அந்த நிமிடம் வரை புத்தகம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொய் வாய்வரை வந்தது. குழுவிடம் இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லியிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் தெரியவில்லை. என் நல்ல குணம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

"புக்கு தொரைகிட்ட இருக்கும்மா. நான் லெட்டரோட சேத்து அனுப்பினேன்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நீங்கதானா சார்" என்றாள். குரல் உயரவில்லை. "நாங்க செல்லம்மாக்கான்னுல நெனச்சோம்."

"யாரு அது?"

"பக்கத்து வீட்டு அக்கா. நான் ஓடைக்குப் போறத அவுங்கதான் தெனமும் பாப்பாங்க. அவுங்க வீட்டுக்காரரு ஆலைல ஆளுங்கள மேய்க்கிற மண்டோரு. அவுங்கதான் போட்டுக் குடுத்துட்டாங்கன்னு அம்மா ஒரு மாசமா அவுங்ககூட பேசறதில்ல. அவுங்க பொண்ணு சடங்குக்குக்கூட நாங்க யாரும் போவல. லயத்துல பாதிப் பேரு போவல. அவுங்க அழுதுக்கிட்டே வந்து நான் சொல்லலன்னு அம்மாகிட்ட சொன்னாங்க. அம்மா கதவ சாத்திட்டாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டபோதே அது எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அன்னிக்குப் பயமான்னு கேட்டீங்க. பயம் இல்ல சார். தொரைகிட்ட போனா என்னா ஆவும்னு தெரிஞ்சுதான் வேணாம்னு சொன்னேன்." பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு மணி பஸ்ஸுல போனா இன்னிக்கே செல்லம்மாக்காவப் பாத்துடலாம். வாரேன் சார்."

அடுத்த வாரம் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். நிர்வாகி வெள்ளைக்காரர் அல்லர், நம்மவர்தான். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. "நல்லாப் படிக்கிற பொண்ணு மிஸ்டர். நீங்க எழுதலைன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றார். நன்றி சொல்வது போலத்தான் சொன்னார். புத்தகத்தைக் கேட்டேன். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். மூன்று முறை நினைவூட்டி எழுதினேன். பதில் இல்லை. என் கடிதங்கள் இப்போது மெதுவாகப் போகத் தொடங்கிவிட்டன.

திரும்பி வரும் வழியில் ஆயாக் கொட்டகை இருந்தது. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. சரோஜா வாசலுக்கு முதுகைக் காட்டி ஒரு குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. என்னோடு பேசுவதை யாராவது பார்த்தால் அவளுக்கு இன்னும் கெடுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு வசதியாக இருந்தது.

இடம் பல் டாக்டர் மகனுக்குப் போனது. நல்ல பையன், ஈப்போ பக்கத்து அருவியைப் பற்றி நல்ல அறிக்கை எழுதினான். அருவித் தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஆயர் தாவார் பக்கத்து ஓடைகளின் பழைய நிலை பற்றி ஏதாவது பதிவு உண்டா என்று ஆய்வாளர்கள் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். இல்லை என்றேன். அதற்குள் ஆலைகள் கழிவுக் குளங்கள் வெட்டத் தொடங்கியிருந்தன. அந்த ஓடையின் குளியல் துறையை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சரோஜா கொட்டகையில்தான் இருந்தாள். கல்யாணமாகி வேறு லயத்துக்குப் போயிருந்தாள். செல்லம்மா வீட்டோடு உறவு சரியானதா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க எனக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

அடுத்த வருடப் படிவத்தில் அந்த வரியை எடுத்துவிட்டேன். ஏன் என்று தலைவர் கேட்டார். விண்ணப்பத்தை எளிமையாக்க என்றேன். நல்ல யோசனை என்று பாராட்டி, கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் சாகும்வரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை வேலையிலிருந்து எடுத்திருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

நீங்கள் நால்வரும் எங்களைவிட அதிகம் படித்தவர்கள். உங்களில் இரண்டு பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன், கூடவே கொஞ்சம் கவலையும் பட்டேன். எனக்கு இவர்களைத் தெரியும் என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ஒரு முறை நின்றுகொள்ளுங்கள். மேசைக்கு எதிரே நிற்கிறவர் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் தைரியம் சொல்லாதீர்கள். என்ன நடக்கும் என்று கேளுங்கள், அவர் சொல்லும்வரை காத்திருங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பழைய கோப்புகள் உங்கள் அறையின் இரும்பு அலமாரியில்தான் இருக்கின்றன. சரோஜாவின் கோப்பில், விலகிய காரணம் என்ற இடத்தில், "குடும்பத்தார் விரும்பவில்லை" என்று எழுதியிருக்கும். பத்து வருடங்களாக அதைப் பார்த்தவர்கள், தோட்டத்துப் பெற்றோர் பெண்களைப் படிக்க விடுவதில்லை என்று பேசியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டறிக்கைகளில் அப்படி அச்சாகியும் இருக்கிறது. ராமையா மகளோடு பஸ் மாறி வந்து எங்கள் வாசலில் நின்றவர். கோப்பில் அந்த வாக்கியத்தை எழுதிய கை என்னுடையது. கோப்பைத் திறந்து அதை அடித்துவிட்டு, என் பெயரை எழுதுங்கள்.